வாசனை ஒத்திகை

“காபி டம்ளர் கைக்கு வந்ததும் என்ன பண்ணணும்?”

“குடிக்கணும்.”

“அசடு! முதல்ல மூக்குக்கிட்ட கொண்டுபோ. கண்ணை மூடு. ‘டிகாக்‌ஷன் என்னமா மணக்கறது’ன்னு சொல்லு. எங்கே, பண்ணு பார்ப்போம்.”

வர்ஷினி காலி டம்ளரை முகர்ந்து கண்ணை மூடினாள்.

“இவ்வளவு நேரம் மூடாதே. தூங்கி வழியறாப்பல இருக்கு,” என்றாள் அம்மா விஜயலக்ஷ்மி.

மயிலாப்பூரில் அந்த வீட்டில் காலையிலிருந்து இந்தக் கூத்துதான். சாயங்காலம் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

எல்லாம் கொரோனா பண்ணின வேலை. காய்ச்சல் போச்சு, இருமல் போச்சு, போன வாசனை மட்டும் வர்ஷினிக்குத் திரும்பவே இல்லை. கிராம்பை முகர்ந்து பார், எலுமிச்சையை முகர்ந்து பார் என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டரும், “இனிமே வராதும்மா” என்று கையை விரித்துவிட்டார். இதை உள்ளது உள்ளபடி சொல்லப்போய் ரெண்டு வரன் தட்டிப்போயாச்சு. ‘கேஸ் கசிஞ்சா எப்படித் தெரியும்? சாம்பார் ஊசிப்போனா எப்படித் தெரியும்?’ என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அதனால் இந்த இடத்தில் மூச்சு விடக் கூடாது என்று விஜயலக்ஷ்மியின் உத்தரவு.

“எத்தனை நாளைக்கும்மா மறைக்கறது?”

“மூணு முடிச்சு விழற வரைக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் அவன் பாடு.”

அப்பா ஸ்ரீரங்கன் பேப்பரை இறக்கி என்னவோ சொல்ல வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் திரும்பப் பேப்பருக்குள்ளேயே போய்விட்டார்.

சாயங்காலம் பையன் ஸ்ரீகிருஷ்ணாவும் அவன் அம்மா ஸ்ரீலக்ஷ்மியும் வந்தார்கள். காபியில் வர்ஷினி நூற்றுக்கு நூறு. கேசரி வந்ததும், “ஏலக்காய் கொஞ்சம் தூக்கலா இருக்கு, இல்ல?” என்று தானாகவே ஒரு போடு போட்டாள். விஜயலக்ஷ்மிக்குப் பெருமை தாங்கவில்லை.

கிளம்பும்போது ஸ்ரீலக்ஷ்மி பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இந்தாம்மா, பூ வெச்சுக்கோ.”

பூவுக்கும் ஒத்திகை உண்டே! வர்ஷினி பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. மூக்கோடு சேர்த்துப் பிடித்து, கண்ணை மூடி, “ஆஹா! பிரிக்கறதுக்கு முன்னாடியே தூக்கறது!” என்றாள்.

பிறகு பிரித்தாள்.

உள்ளே கனகாம்பரம். நாள் முழுக்க முகர்ந்தாலும் மருந்துக்குக்கூட வாசனை வராத கனகாம்பரம்!

ஸ்ரீரங்கன் இருமினார். வர்ஷினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஆமாமா,” என்றான் ஸ்ரீகிருஷ்ணா. “கார்ல வரச்சேயே நினைச்சேன். கார் பூரா ஒரே வாசனை!”

“அப்போ நாங்க வரோம் மாமி,” என்று அவன் அம்மா எழுந்துகொண்டாள்.

கார் தெருமுனை திரும்பியதோ இல்லையோ, விஜயலக்ஷ்மி ஆரம்பித்துவிட்டாள்.

“பார்த்தேளா? அந்தப் பிள்ளைக்கும் மூக்கு அவுட்டு! கனகாம்பரம் மணக்கறதாம்! எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தா இதை மறைச்சுண்டு பொண்ணு பார்க்க வருவா?”

“நாமளும் அதைத்தானேடி...” என்று இழுத்தார் ஸ்ரீரங்கன்.

“நாம பொண்ணைப் பெத்தவா. நமக்கு வேற வழியில்லை. அவாளுக்கு என்ன வந்தது? இது பச்சை மோசடி!”

“அம்மா, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு,” என்றாள் வர்ஷினி. “அவருக்கும் என்னை மாதிரியேன்னா இன்னும் நல்லது. ஆத்துக்குள்ளயாவது நடிக்காம இருக்கலாம்.”

“பேத்தாதே! ஆத்துல ஒருத்தருக்காவது மூக்கு வேண்டாமா? கேஸ் கசிஞ்சா யாருடி கண்டுபிடிப்பா? பக்கத்தாத்து மாமியா?”

வர்ஷினி கையைப் பிடித்துத் தடுத்தும் கேட்காமல், விஜயலக்ஷ்மி போனைப் போட்டு ஸ்பீக்கரையும் தட்டிவிட்டாள்.

“மாமி, சுத்தி வளைக்காம கேக்கறேன். உங்க பிள்ளைக்கு வாசனை தெரியுமா, தெரியாதா?”

மறுமுனையில் ஸ்ரீலக்ஷ்மி சிரித்தாள். “அவனுக்கா? கீழ் ஃபிளாட்ல பால் தீஞ்சா மாடியிலேருந்து குரல் குடுப்பான்.”

“பின்னே கனகாம்பரம் வாசனைன்னு சொன்னாரே?”

“உங்க பொண்ணு முகம் வாடினதைப் பார்த்துட்டுச் சொன்னான்.”

விஜயலக்ஷ்மி ஸ்பீக்கரை அணைக்கப் போனாள். ஸ்ரீலக்ஷ்மி நிறுத்தவில்லை.

“மாமி, ரெண்டாவதா உங்க பொண்ணைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னானே ஒரு பையன், அவன் என் நாத்தனார் பிள்ளை. காரணத்தையும் அப்பவே சொல்லிட்டா.”

“அப்போ... தெரிஞ்சுண்டேவா வந்தேள்?” என்றாள் விஜயலக்ஷ்மி.

“தெரிஞ்சுண்டுதான். சொல்லப்போனா, பூக்கடையில நான் மல்லிதான் கேட்டேன். அவன்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினான். ‘எல்லாரும் ஆஹாங்கறச்சே அந்தப் பொண்ணு மட்டும் நடிக்கணும்மா. கனகாம்பரமா வாங்கு, அதுல நமக்கும்தான் வாசனை தெரியாது’ன்னான்.”