தாமதக் குரல்

தோஹாவில் மணல் புயல் ஓயவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து நாகர்கோவிலில் படுத்திருந்த அப்பாவைப் பார்க்கக் கிளம்பிய ஜெபசிங், விமான நிலையத்திலேயே பத்தொன்பது மணி நேரம் கிடந்தான்.

காத்திருப்பவர்களுக்கு வழக்கமாகத் தரும் சலுகையை விமானக் கம்பெனி அவனுக்கும் தந்தது. அவன் போய்ச் சேரும்வரை ஒரு ஏ.ஐ. செயலி அவன் குரலிலேயே வீட்டாரோடு போனில் பேசிக்கொண்டிருக்கும். அவன் போனிலிருந்த பழைய மெசேஜ்களை எல்லாம் படிக்க மட்டும் அனுமதி கேட்டது. அப்பாவிடம் பேச அவனுக்கு எப்போதுமே வார்த்தை வராது. சரி என்று அழுத்திவிட்டுக் கிரிக்கெட் பார்த்தான், தூங்கினான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், கண்கட்டோடு இருந்த அப்பா அவன் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து நீ போன்ல சொன்ன பெறவுதான் மக்ளே எனக்கு மனசு ஆறிச்சு."

"என்னப்பா சொன்னேன்?"

"அம்மை செத்தப்போ பிளேன் லேட்டுன்னது பொய், லீவே கேக்கலன்னு சொல்லி அழுதியே. எனக்கு அப்பவே தெரியும். உன் வாயால வரணும்னு ஆறு வருசமா காத்துக் கெடந்தேன்."

அந்தப் பொய்யைப் பற்றி ஜெபசிங் எப்போதோ ஒரு நண்பனுக்கு மெசேஜில் எழுதியிருந்தான். "அது நான் இல்லப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"இனி நமக்கு நடுவுல பொய்யே கெடையாது, என்ன?" என்றார் அப்பா.

அவர் கண்ணில் கட்டு இருப்பது நல்லதாயிற்று என்று நினைத்தான். நினைத்ததற்கே வெட்கினான்.

"ஆமாப்பா" என்றான்.