திருடத் தகுந்த புத்தகம்

பல்கலைக்கழகமே மதியச் சாப்பாட்டு மயக்கத்தில் கிடந்த நேரமாகப் பார்த்து, பேராசிரியர் அந்த நீல அட்டைப் புத்தகத்தைத் திருடக் கிளம்பினார்.

அவரைப் பார்த்தால் திருடன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இஸ்திரி கலையாத சட்டை, அதன்மேல் ஒரு கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி, எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு வணக்கம். போதாக்குறைக்கு, நூலகத்துக்கு எதை வாங்குவது, எதைத் தூக்கி எறிவது என்று முடிவு செய்யும் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர்.

ஆனால் ஆசை யாரை விட்டது? அந்தப் புத்தகத்தின் அருமை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அதற்காக வருஷக்கணக்கில் தூக்கம் கெட்டவர் அவர். அதையே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று மனைவியிடம் பாட்டும் வாங்கியாகிவிட்டது. போன மாதம் பழைய புத்தகக் கடைக்காரரிடம் சொல்லித் தேடச் சொன்னார். அவரும் கடை கடையாகச் சலித்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். ஊரில் கண்ணில் படுவது நூலகத்து இரண்டாம் மாடியில் இருக்கும் ஒரே ஒரு பிரதிதான்.

அதற்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. விடுமுறை விட்டதும் கழித்துக்கட்டும் படலம் தொடங்கிவிடும். பத்து வருஷமாக யாரும் எடுத்துப் போகாத புத்தகங்களை வண்டியில் ஏற்றிக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். நூலகர் அம்மா இதில் தாட்சண்யம் பார்க்கிறவர் இல்லை. எந்தப் புத்தகம் உள்ளே வரவேண்டும் என்பதற்கும் அவரிடம் தனிக் கணக்கு உண்டு. பேராசிரியர்கள் சிபாரிசு செய்தால் யோசிப்பார். மாணவர்கள் வரிசையில் நின்று கேட்டால் வாங்குவார். திருட்டுப் போனாலோ யோசிக்கவே மாட்டார், ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் போட்டுவிடுவார். மாட்டினால் மானம் போகும் என்று தெரிந்தும் ஒருவர் திருடுகிறார் என்றால், அதைவிட நல்ல சிபாரிசு உண்டா என்பது அவர் கட்சி. இந்த நூலகத்தில் திருடனுக்கு இருக்கிற மரியாதை நமக்கு இல்லை என்று பொருளாதாரப் பேராசிரியர் அடிக்கடி அலுத்துக்கொள்வார்.

மாட்டினால் நம் பேராசிரியருக்கு மானத்தோடு வேலையும் போகும். அதை நினைத்துக்கொண்டேதான் மாடி ஏறினார்.

புத்தகம் தூசி மூடி அதே இடத்தில் இருந்தது. ஊதிவிட்டுப் பிரித்தார். முதல் பக்கத்தில் நூலக முத்திரை. கடைசிப் பக்கத்தில் ஒன்று. முப்பத்தேழாம் பக்கத்தில், திருடர்களுக்குத் தெரியக்கூடாது என்று குத்துகிற ரகசிய முத்திரை. குழுவிலேயே இருக்கிறவருக்கு அது என்ன பெரிய ரகசியம்? புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலே கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு கையால் இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். கால் இரண்டு தடவை பின்னிக்கொண்டது.

வாசலைத் தாண்டும்போது எச்சரிக்கைக் கருவி கத்தி ஊரைக் கூட்டியது. பேராசிரியர் அப்படியே நின்றுவிட்டார். காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்தார்.

"அது கெடக்குது சார். சாவிக்கொத்தைப் பார்த்தாக்கூடக் கத்தும். நீங்க போங்க."

பேராசிரியர் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார். வீட்டுக்குப் போனதும், மனைவி கண்ணில் படாமல் பீரோவில் பழைய போர்வைக்கு அடியில் புத்தகத்தைச் செருகி வைத்தார்.

விடுமுறைக்கு முன் குழு கூடியது. இந்தத் துறைக்கு இத்தனை, அந்தத் துறைக்கு அத்தனை என்று வழக்கமான இழுபறியெல்லாம் முடிந்த பிறகு நூலகர் அம்மா தொண்டையைச் செருமினார்.

"ஒரு புத்தகம் திருட்டுப் போயிருக்கு. கழிக்கிறதுக்குப் பட்டியல் எடுக்கலாம்னு அலமாரிக்குப் போனா ஆளையே காணோம். யாரும் பதிஞ்சு எடுத்துட்டுப் போகலை. ‘சேறும் அதன் வகைகளும்’னு தலைப்பு."

பொருளாதாரப் பேராசிரியருக்குத் தேநீர் புரையேறியது. "சேத்தைப் போய் யாருங்க திருடுவாங்க?" என்று கேட்டுவிட்டு, ஏனோ உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நூலகர் அம்மா அசரவில்லை. யாருக்கோ அது உயிராக இருந்திருக்கிறது, சீந்துவாரில்லை என்று நினைத்தது நம் தப்பு என்றார். கழிக்கிற பேச்சுக்கே இனி இடமில்லை, வழக்கம்போல இரண்டு பிரதி வாங்கியே தீரவேண்டும் என்றும் சொன்னார்.

பேராசிரியர் குனிந்து கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நிமிர்ந்தால் சிரித்துவிடுவோமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"ஆனா ஒரு சிக்கல். விசாரிச்சுப் பார்த்தேன், பதிப்பகத்தை எப்பவோ மூடிட்டாங்களாம். கடைகள்லயும் இல்லை." நூலகர் அம்மா பேராசிரியர் பக்கம் திரும்பி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மரியாதையோடு புன்னகைத்தார். "நல்லவேளை, எழுதினவரே நம்மகூட உட்கார்ந்திருக்கார். வீட்டுல ஒரு பிரதியாவது வச்சிருப்பீங்கல்ல சார், நாளைக்குக் கொண்டுவந்துடுங்க. முத்திரையை நானே குத்திக்கறேன்."

கையெழுத்துப் போட்டு ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தே தீர்த்துவிட்ட பேராசிரியரின் வீட்டில் இப்போது ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அதில் முத்திரை ஏற்கெனவே மூன்று இடத்தில் குத்தியிருந்தது.