மாமனும் மருமகனும் குடிக்காத வைன்

ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கில் ஒரு குடும்பம் நடத்தும் வைன் தோட்டம். தகரக்கூரை வெயிலில் சடசடக்கிறது. தோட்டத்துச் சொந்தக்காரி ருசி பார்க்க ஊற்றி வைத்த இரண்டு கிளாஸ் சிவப்பு வைன் மேசையில் அப்படியே மினுங்குகிறது. கலியாணமாகி ஒரு வருசமாகியும் கூச்சத்தில் முகம் பார்த்துக் கதைக்காத அப்பாவும் புருசனும் இன்றைக்காவது ஒரே மேசையடியில் நிற்கட்டும் என்றுதான் பிரியந்தினி சிட்னியின் பென்டில் ஹில்லிலிருந்து இவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்திருக்கிறாள். புருசன் லதீஸ் ஒரு கிளாசைத் தொடுகிறான். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம். "ஐயோ, மாமா வாறார்," என்று பீப்பாய்களுக்குப் பின்னால் ஒதுங்குகிறான். அப்பா வந்து மற்ற கிளாசை எடுக்கிறார். பீப்பாய்ப் பக்கம் ஒரு இருமல். "மருமோன் நிக்கிறார் போல. நான் கொடியளைப் பாத்துக்கொண்டு நிக்கிறன் பிள்ளை," என்று கிளாசைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே போகிறார். வந்ததிலிருந்து இதே கூத்துத்தான். தன் வைனில்தான் ஏதோ பிழை என்று சொந்தக்காரியின் முகம் வாடுகிறது. பிரியந்தினி இரண்டு கிளாசையும் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக, மருந்து குடிப்பதுபோல் குடித்து முடிக்கிறாள். துவர்ப்பில் கண் சுருங்குகிறது. அந்தப் பக்கமிருந்து லதீசும் இந்தப் பக்கமிருந்து அப்பாவும் வாய் பிளந்தபடி மேசைக்கு வருகிறார்கள். அவள் கார்த் திறப்புக் கொத்தை இருவருக்கும் நடுவில் வைக்கிறாள். "இனிக் கார் ஆர் ஓடுறதெண்டு ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ."