நாலாம் இலக்கச் சட்டை

பெயரை உரிக்க முதலில் சூடு காட்ட வேண்டும். பிறகு ஒரு மூலையை நகத்தால் கிளப்பி மெதுவாக இழுக்க வேண்டும்.

பதினெட்டு வருடங்களாக அந்தக் கால்பந்துக் கழகத்தின் உடுப்பறையில் இராஜசிங்கம் செய்துவரும் வேலை அது. அழுக்குச் சட்டைகளைத் தோய்ப்பார், காயவைப்பார். வருகிறவன் பெயரை ஒட்டுவார், போகிறவன் பெயரை உரிப்பார். போகிறவனுக்காக ஒருநாளும் கண்கலங்கியதில்லை. சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள், வருவார்கள் போவார்கள் என்பார்.

இன்று காலை அலுவலகத்திலிருந்து வந்த பட்டியலில் முதல் வரியே நாலாம் இலக்கம்தான். பழைய பெயரை எடுத்துவிட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் பெயரைப் போடச் சொல்லியிருந்தது.

நாலாம் இலக்கம் கீர்த்தனன். அணியின் தலைவன். இராஜசிங்கத்தின் ஒரே மகன்.

சட்டையை மேசையில் குப்புறப் போட்டார். முதுகில் இருந்தது மகனின் பெயர் அல்ல, அவருடைய பெயர். தகப்பன் பெயரை முன்னால் எழுதுவது நம் வழக்கம். இரண்டு வயதுப் பிள்ளையோடு வந்து இறங்கியபோது, இந்த நாடு அதையே பிள்ளையின் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது.

அதனால் பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறாயிரம் பேர் வெளியே நின்று இராஜசிங்கம், இராஜசிங்கம் என்று கத்தினார்கள். உள்ளே ஈரக் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்த மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

விளையாட்டுப் பணிப்பாளர் பத்திரிகையில் விளக்கமாகச் சொல்லியிருந்தார். இளம் பிள்ளைகளை வைத்து அணியை அத்திவாரத்திலிருந்து கட்டப்போகிறார்களாம். அதற்குச் சம்பளப் பட்டியல் கொஞ்சம் இளக வேண்டுமாம். பெரிய சம்பளக்காரர் மூன்று பேர் போனால் எட்டு இளசுகளை எடுக்கலாமாம்.

வாசித்தபோது நல்ல திட்டம் என்றுதான் இராஜசிங்கத்துக்கும் பட்டது. அடுத்தவன் பிள்ளை போகும்வரை எல்லாமே நல்ல திட்டம்தான்.

ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. கீர்த்தனனின் ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவனாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் அவனை யாரும் அசைக்க முடியாது. நேற்றுக்கூட வீட்டுக்கு வந்து, சிரித்துக் கதைத்து, இரண்டு தரம் பிட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனவன் அவன்.

ஏதோ சுத்துமாத்துச் செய்திருக்கிறார்கள், பிள்ளைக்கு இன்னும் தெரியாது என்று நினைத்தார். பெற்ற வயிறு என்று தாய்க்குத்தான் சொல்வார்கள். அவருக்கும் எரிந்தது.

அவரிடமும் ஒரு மறைப்பு இருந்தது. மூன்று கிழமைக்கு முன் அவருக்கே ஒரு கடிதம் வந்தது. அடுத்த பருவத்திலிருந்து தோய்ப்பு வேலை வெளியாருக்குப் போகிறது, உடுப்பறைக்கு இனி ஆள் தேவையில்லை என்றது கடிதம். அறுபத்துமூன்று வயதில் எங்கே போய் வேலை கேட்பது? வீட்டில் மூச்சு விடவில்லை.

கடிதத்தை ஊஸ்டர் நகரத்து வீட்டில் இருந்த முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். அகதி விண்ணப்பக் காலத்திலிருந்தே அவருடைய பழக்கம் அது. பயமுறுத்தும் கடுதாசி எதுவானாலும் முதலில் முருகன் வாசிக்க வேண்டும்.

போன கிழமை அதை எடுத்துப் பார்த்தபோது மூலையில் விபூதி படிந்திருந்தது. ஊதிவிட்டு மறுபடி செருகினார்.

இடையில் ஒருநாள், சாப்பாட்டு மேசையில், அவருக்குப் பென்சன் வர இன்னும் எவ்வளவு காலம் என்று கீர்த்தனன் கேட்டான். மூன்று வருடமும் ஐந்து மாதமும் என்று முகத்தை மாற்றாமல் சொன்னார். இறைச்சிக்கு உப்புக் குறைவு என்று பேச்சையும் மாற்றினார்.

உடுப்பறைக் கதவு திறந்தது. தோளில் பையோடு கீர்த்தனன் நின்றான்.

இராஜசிங்கம் களவெடுத்தவர்போலச் சட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"எனக்குத் தெரியுமப்பா. நாலை நானே உரிக்கிறன், நீங்கள் மற்றதைப் பாருங்கோ."

எது மற்றது? பட்டியலைத் திருப்பினார். பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. உடுப்பறை ஊழியர் ஜக்கெட் ஒன்று, முதுகில் பெயர் இராஜசிங்கம், வேலைக்காலம் மூன்று வருடம் ஐந்து மாதம்.

ஊழியர்களின் ஜக்கெட்டில் பெயர் போடும் வழக்கமே அந்தக் கழகத்தில் இல்லை.

அவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். ஆட்டம் இல்லாத நாளிலும் அவன் நெற்றியில் மூன்று விபூதிக் குறி இருந்தது. பத்து வயதிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அந்த முருகன் படத்தடியில் நின்று, விபூதித் தட்டில் விரல் தோய்த்துப் பூசிக்கொண்டுதான் கிளம்புவான். கலியாணம் செய்து தனி வீடு போன பிறகும் அதற்காகவே வருவான். ஒரு சனிக்கிழமை தவறியதில்லை.

உலகத்தில் எவ்வளவு இடம் இருக்க, ஒளித்துவைக்க அந்த இடமா கிடைத்தது?

கீர்த்தனன் சட்டையை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினான். சூடு காட்டினான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து இந்த அறையில் பார்த்துப் பழகிய வேலை, ஒரு எழுத்தும் கிழியாமல் இழுத்தான். மிச்சமிருந்த இரண்டு வருட விளையாட்டையும் இந்த ஜக்கெட்டுக்காக இப்படித்தான் சத்தமில்லாமல் எழுதிக் கொடுத்திருப்பான்.

வேண்டாமடா என்று சொல்லத்தான் இராஜசிங்கம் வாயெடுத்தார். போகிறவன் ஒருவனுக்காக அந்த அறையில் முதல் தடவையாக அழுதார்.

உரித்த எழுத்து மறுபடி ஒட்டாது. அவர் பெட்டியிலிருந்து புதிய எழுத்துகளை எடுத்து, ஜக்கெட்டின் முதுகில் ஒவ்வொன்றாக அடுக்கினார். இந்த நாட்டு எழுத்தில் அவர் பெயருக்குப் பத்து எழுத்து. கண் மறைத்ததில் பத்தும் கோணலாகவே வந்தன.