வலிய வந்த சண்டை

“கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னா வாய் வலிச்சுடுமா?”

அக்கா இப்படிக் கேட்டதும் அவனுக்குச் சுருக்கென்றது. கேட்டது யாரிடம்? தாடையில் ஆபரேஷன் முடிந்து, முகம் வீங்கி, பல் கிளிப்பில் குட்டி ரப்பர்களோடு உட்கார்ந்திருக்கும் அவன் மனைவியிடம்.

“அக்கா, அவளுக்கு நிஜமாவே வலிக்கும்.”

“துண்டு எங்கேன்னுதானே கேட்டேன்? பிரசங்கமா பண்ணச் சொன்னேன்?”

மனைவி செல்போனில் தட்டி நீட்டினாள். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இந்தப் பொடி எழுத்தெல்லாம் எனக்குத் தெரியாது. வாயால சொல்லு.”

“அலமாழில...” என்று குழறியவள், உதட்டோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு விருட்டென்று உள்ளே போய்விட்டாள்.

அவளா இப்படி? மழலையர் பள்ளி டீச்சர். கதை சொல்ல ஆரம்பித்தால் சிங்கத்துக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல் என்று வகுப்பையே கட்டிப்போடுகிறவள். கீழ்த்தாடை முன்னால் நீண்டு, மெல்லவே முடியாமல் போனதால்தான் இந்த வைத்தியம்.

ஆபரேஷனுக்கு முன்பே ஒன்றரை வருஷம் கிளிப் போட்டுப் பல்லை நகர்த்தினார்கள். “முதல்ல இன்னும் கோணலாத்தான் தெரியும். தாடையைப் பின்னால வெச்சப்புறம்தான் மேலும் கீழும் பொருந்தும்” என்றார் டாக்டரம்மா. ஒவ்வொரு தடவை போய்வந்தபோதும் கண்ணாடி பார்த்து அழுதாள். அதையும் தாங்கி, ஆபரேஷனையும் தாண்டி வந்தாள். இப்போது பேச்சுதான் நின்றுபோனது.

ஆபரேஷனுக்குப் பின் போன முதல் அப்பாயின்ட்மென்ட்டில் வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையவில்லை.

“வலிச்சாலும் பேசணும்மா. வாயை அசைக்காம இருந்தா தாடை இறுகிடும். அப்புறம் பின்பல்லுக்கு என்னால கம்பி மாட்ட முடியாது. நீங்க கிளாஸுக்கும் போக முடியாது.”

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் வாயே திறக்கவில்லை. ‘குழந்தைங்க சிரிப்பாங்க’ என்று எழுதிக் காட்டினாள்.

அவன் பாசக்காரன். உடனே ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தான். அவள் எழுதினால் போதும், எதுவானாலும் ஓடிப்போய்ச் செய்தான். ஒரு வார்த்தை பேச அவசியமில்லாமல் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டான்.

இந்த நேரத்தில்தான் ஒத்தாசைக்கு என்று அக்கா வந்து இறங்கினாள். அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள். வந்த மறுநாளே சிலேட்டைத் துடைக்கிறேன் என்று கீழே போட்டு உடைத்தாள். அதற்கு ஒரு வருத்தம்கூடப் படவில்லை.

அப்புறம் தினமும் ரகளைதான். போர்வை மடித்தது சரியில்லை. திரைச்சீலை நிறம் கண்றாவி. குழாயை இறுக மூடத் தெரியவில்லை.

ஒருநாள் உச்சத்துக்கே போனாள். “என் தம்பியைப் பாரு, உன்னைக் கட்டினதுல இருந்து துரும்பா இளைச்சுட்டான்.”

மனைவி சூப் டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

“இவழா? இவழா இளைச்சாழு? சட்டை பட்டனே போட முடியல, அண்ணி.”

“ஓஹோ, அப்போ எனக்குக் கண்ணு தெரியலைங்கறியா?”

“ஆமா.”

அவனுக்கு அங்கே மனைவியின் கலங்கிய கண்கள் மட்டும்தான் தெரிந்தன. உடம்புக்கு முடியாத பெண்ணை இப்படியா வதைப்பது? வளர்த்த பாசத்துக்காக எவ்வளவுதான் பொறுப்பது? அடுத்த அப்பாயின்ட்மென்ட் முடிந்ததும் அக்காவை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தான். அதைச் சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் மனைவி முக்கியமில்லையா?

கிளினிக்குக்கு மூவருமாகப் போனார்கள். மனைவி நாற்காலியில் சாய்ந்தாள். “எங்கே, முடிஞ்ச அளவுக்குத் திறங்க” என்றார் டாக்டரம்மா.

திறந்தாள்.

டாக்டரம்மா இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். மூன்றாவதும் நுழைந்தது. கண்ணாடியைக் கடைசிப் பல் வரை கொண்டுபோய், புதுக் கம்பியை மாட்டி முடித்தார்.

“பிரமாதம். நல்லா எக்சர்சைஸ் பண்றீங்க போல.”

“எக்சர்சைஸா? அதுக்கு எங்க டாக்டர் நேரம்? காலையில எந்திரிச்சா எங்க அண்ணியோட மல்லுக்கட்டவே பொழுது சரியா இருக்கு” என்றாள் மனைவி, அண்ணியை ஒரு முறை முறைத்து.

எச்சில் வழியவில்லை. நாக்கும் அதிகம் குழறவில்லை. அவனுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், சங்கடம் ஒரு பக்கம். டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டாளே, இனி அக்காவிடம் பேசித்தான் ஆகவேண்டும்.

அடுத்த தேதி வாங்க மனைவி வெளியே போனாள். அவனும் பின்னால் கிளம்பினான். வாசல் வரை போனவன், அக்கா வராததைக் கவனித்துத் திரும்பினான்.

அக்கா டாக்டரம்மாவின் மேஜைப் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

“எப்படியாவது பேச வைங்கன்னு போன்ல சொன்னீங்களே டாக்டர், அதுக்காகத்தான் தினமும் வலியப் போய் வம்பு இழுக்கறேன். இன்னும் எத்தனை நாளைக்கு இழுக்கணும்? ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்த்துட்டேன், அந்தப் பொண்ணுகிட்ட சொல்றதுக்கு இனிமே ஒரு குறைகூடக் கிடைக்க மாட்டேங்குது.”