மேட்டில் ஒரு வளை

அறுவடைக்கு அறுவடை வயல்காட்டு ஜீவன்கள் ஆளுக்கொரு நெற்கதிரைப் புளியமரப் பொந்தில் போட்டுவைக்கும். வெள்ளத்தில் வீடு போனவர்களுக்கு அதில் பங்கு. காவலுக்கு அணில்.

எலி ஒருமுறைகூடப் போட்டதில்லை. இந்த மழையில் வளை இடிந்துபோய், ஐந்து குஞ்சுகளோடு பொந்து வாசலில் வந்து நின்றது.

"போடாதவனுக்கும் கொடுத்தா, இனிமே எவன் போடுவான்?" என்றது மைனா.

அணிலுக்கும் அதே எரிச்சல்தான். "ஏன்டா போடல? கொழுப்புதானே?"

"பள்ளத்து வயல்ல பாதிக் கதிர் அழுகிடும், அக்கா. மிச்சம் பிள்ளைங்க வயித்துக்கே பத்தாது. மேட்டுல இடம் இருந்தா நான் ஏன் பள்ளத்துல கிடக்கப்போறேன்?"

அணில் மேட்டைப் பார்த்தது. அங்கே பாதி இடத்தில் புளியங்கொட்டைகளைப் புதைத்து, யாரையும் அண்டவிடாமல் விரட்டியது அணில்தான். புதைத்தது எங்கே என்பதும் மறந்துபோயிருந்தது.

"இந்தா கதிர். மேட்டுல போய் வளை தோண்டு. அடுத்த அறுவடைக்குக் கதிர் வரலேன்னா வாலைக் கடிச்சிடுவேன்."

மைனா முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் தோண்டிய மண்ணோடு ஒரு புளியங்கொட்டை வந்தது. எலி அதைக் கடித்துப் பார்க்கவில்லை. நேரே கொண்டுபோய்ப் பொந்தில் போட்டது. வாசலில் இருந்த மைனா நகர்ந்து வழிவிட்டது.