குசினி நிலத்தின் கீழ்

படையினரின் மேன்முறையீடுகளில் விலாசம் சரிபார்ப்பது உதயகலாவின் வேலை. தப்பியோடியவன் என்று நீக்கப்பட்ட ஒரு சிப்பாய், தன்னைக் கடமையில் இறந்தவன் என்று மாற்றிப் பதியும்படி கேட்டு, தானே கையெழுத்து வைத்திருந்தான்.

"செத்தவனுக்கு என்ன வடிவான கையெழுத்து, அக்கா!" என்று பக்கத்து மேசை றொபின் சிரித்தான்.

உதயகலா சிரிக்கவில்லை. விலாசம் மயிலிட்டியில் அவளுடைய வீடு. குசினி நிலத்தின் கீழ் என்றும் எழுதியிருந்தது. முப்பது வருடம் இராணுவ முகாமுக்குள் கிடந்த அந்த வீட்டைப் போன வருடம்தான் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். உடலைத் தேடிக் கிண்ட வந்தால் மறுபடி வேலி போடுவார்கள்.

"விலாசம் சரியோ, அக்கா?"

"சும்மா பொய். அப்பிடியொரு வீடே இல்லை." அதையே எழுதி முத்திரை குத்தினாள்.

மூன்றாம் நாள் இன்னொரு கடிதம் வந்தது. அதே கையெழுத்தில் ஒரே ஒரு வரி.

"நேற்றும் என் தலைக்கு மேல் நின்றுதானே சோறு வடித்தீர்கள்?"